கொட்டாயும் பண்ணை வீடும்

கடத்தூர் பேருந்து நிலையத்தில் இறங்கி ஒரு வீட்டுக்கு வழி கேட்டால், தெருப் பெயரையோ கதவு எண்ணையோ யாரும் விசாரிக்க மாட்டார்கள். "எந்தக் கொட்டாய்?" என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் சொல்லும் பதில் எப்போதோ இறந்துபோன ஒரு தாத்தாவின் பெயராக இருக்கும்; இல்லாவிட்டால் ஒரு புளியமரம், ஒரு பாறை, ஒரு சாதிப் பட்டம். அது போதும், டீக்கடைக்காரர் கையை நீட்டித் திசை காட்டிவிடுவார். பிற பக்கத்துத் தமிழர்களுக்குக் கொட்டாய் என்றதும் சினிமாக் கொட்டாய்தான் நினைவுக்கு வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அது ஊர்ப்பெயர். அள்ளி, பட்டி என்று முடியும் ஊர்களுக்கு நடுவே மிளகைச் சிதறவிட்டாற்போல் கொட்டாய்கள் கிடக்கின்றன.

கொட்டகை என்பதன் பேச்சு வடிவம் அது. பெயரிலேயே அதன் வரலாறும் இருக்கிறது. ஊர் ஒரு பக்கம், காடு ஒரு பக்கம். இங்கே காடு என்றால் விளைநிலம். அந்தக் காட்டில் ஒருவர் கிணறு வெட்டுகிறார். விடியுமுன் மாட்டைப் பூட்டிக் கவலை இறைக்க வேண்டும், இரவில் பயிருக்குக் காவல் இருக்க வேண்டும். தினமும் ஊரிலிருந்து நடந்து வந்து ஆகாது என்று கிணற்றடியில் ஒரு கொட்டகை போடுகிறார். மாடு அங்கேயே நிற்கிறது, பிறகு ஆளும் அங்கேயே தங்குகிறார். சோறு கொண்டுவரும் மனைவி ஒருநாள் அடுப்பையும் கொண்டுவந்துவிடுகிறார். மகன்கள் தலையெடுத்ததும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு, பேரன்கள் காலத்தில் மாடி வீடு. ஐந்து வீடோ பதினைந்து வீடோ, எல்லாரும் பங்காளிகள். கொட்டகை போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

கடத்தூர்ப் பக்கத்து வெள்ளாமையும் மனிதரைக் காட்டிலேயே கட்டிப்போடும் வகை. வெற்றிலைக் கொடிக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். அகத்தி நிழலில் படரும் அந்தக் கொடி ஈரம் காயப் பொறுக்காது. நாலு நாள் ஆள் பார்க்காவிட்டால் முகம் வாடிவிடும். மரவள்ளி, கரும்பு, தென்னை கொஞ்சம் பொறுமைசாலிகள், ஆனால் பன்றி இறங்கும் இரவில் அவற்றுக்கும் ஆள் வேண்டும். ஆக, கொட்டாய்க்காரர் காட்டில் குடியேறியது காற்று வாங்க அல்ல.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நான் எடுத்துக்கொண்டிருப்பது பண்ணை வீடு. விளம்பரப் பலகைகளில் அதற்கு ஃபார்ம் ஹவுஸ், ஃபார்ம் பிளாட், கேட்டட் கம்யூனிட்டி என்று பல பெயர். பசுமைக்கு நடுவே வீடு, கொஞ்ச தூரத்தில் ஒரு சிறு நகரம், வாசலில் காவலாளி, உள்ளே தார்ச்சாலை, நடுவில் கிளப் ஹவுஸ். வசதி படைத்தவர்களின் கிராமம் என்று சொல்லலாம். கடத்தூருக்குத் தர்மபுரி நகரம் சுமார் 25 கிலோமீட்டர். பொம்மிடியில் சேலம்–ஜோலார்பேட்டை ரயில் பாதை, தெற்கே எட்டிப் பார்த்தால் சேர்வராயன் மலை. விளம்பரம் எழுதுகிறவருக்கு வேண்டிய எல்லாமே இங்கே இருக்கிறது. ஆனாலும் இந்த வகைக் குடியிருப்பை அதன் முழு உருவில் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வரை போக வேண்டும். வெள்ளைக்காரர்கள் லிட்டில் இங்கிலாந்து என்று செல்லமாக அழைத்த தளிப் பக்கத்துக் குளிர்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். குளிர் பாதிக் காரணம். மீதிப் பாதி சட்டம்.

கர்நாடகத்தின் 1961-ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டத்தில் 79ஏ, 79பி என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. விவசாயம் செய்யாதவரும், வேறு தொழிலில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானம் உள்ளவரும் அங்கே விளைநிலம் வாங்க முடியாமல் அவை தடுத்தன. 2020-இல்தான் அவற்றை நீக்கினார்கள். தமிழ்நாட்டில் அப்படியொரு தடை இல்லை. உச்சவரம்புக்குள் யாரும் வாங்கலாம். பெங்களூரில் சம்பாதித்த மென்பொருள் பொறியாளர் மாநில எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டி வந்ததற்குக் காரணம் இதுதான். ராகி விளைந்த மேட்டு நிலம் ஏக்கரிலிருந்து சென்ட்டுக்கும், சென்ட்டிலிருந்து சதுர அடிக்கும் இறங்கியது. அளவு குறையக் குறைய விலை ஏறும் அதிசயப் பண்டம் நிலம் ஒன்றுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். காட்டுக்கு நடுவில் வீடு, நாலு தென்னை, ஒரு நாய், இரவில் தவளைச் சத்தம், சாமான் வாங்கப் பக்கத்து நகரம். பண்ணை வீட்டு விளம்பரம் விற்பதெல்லாம் கொட்டாய்க்காரர் காலங்காலமாக வாழ்ந்துவரும் வாழ்க்கையைத்தான். பெயர் மட்டும் மாறிவிடும். கொட்டாய்க்கு அதைக் கட்டியவர் பெயர். பண்ணைக் குடியிருப்புக்கு அங்கே இல்லாத ஒன்றின் பெயர்: ஊற்றே இல்லாத இடத்துக்கு ஸ்பிரிங்ஸ், பள்ளத்தாக்கைக் கண்டிராத மேட்டுக்கு வேலி. (நம் ஊரில் வேலி என்றால் முள்வேலி. அந்தப் பொருளில் பெயர் சரியாகத்தான் பொருந்துகிறது.)

வித்தியாசம் பத்திரத்தில் இருக்கிறது. ஒரு கொட்டாய்ப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை எல்லாம் முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும். பிறகுதான் விஷயமே தொடங்கும்: பொதுக் கிணற்றில் எட்டில் ஒரு பங்கு, அதில் மோட்டார் வைத்து முறைப்படி நீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியம், அந்த நீரைத் தம்பியின் நிலத்து வழியே வாய்க்காலில் கொண்டுபோகும் பாத்தியம், மாமூல் வண்டித்தட பாத்தியம், வரப்பில் நிற்கும் இரண்டு புளியமரத்தில் சரிபாதி மகசூல், களத்தில் பொதுவில் பங்கு. படித்து முடிக்கும்போது இந்த மனிதருக்குத் தனியாகச் சொந்தமானது எது என்ற சந்தேகமே வந்துவிடும். அவருடைய நிலத்தில் பாதிப் பேருக்கு உரிமை, பாதிப் பேருடைய நிலத்தில் அவருக்கு உரிமை.

பண்ணை வீட்டின் கிரையப் பத்திரம் இதற்கு நேரெதிர். மனை எண், சதுர அடி, வடக்கே முப்பது அடிச் சாலை, தெற்கே அடுத்த மனை. அடுத்த மனைக்காரரோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. கொடுக்கல் வாங்கலெல்லாம் இரண்டாவது காகிதத்தில், பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறது. மாதக் கட்டணம், அதற்குப் பதிலாகக் காவல், புல்வெட்டு, தண்ணீர், மாமரத்துக்கு மருந்தடிப்பு. நிலத்தையும் விற்று, மரத்தையும் நட்டு, வருடம் முழுக்க வெள்ளாமையையும் பார்த்துக்கொடுக்கும் ஏற்பாடுகூட இருக்கிறது. உரிமையாளர் வந்து மாம்பழம் பறித்தால் போதும். ஒரே வரியில் சொன்னால், கொட்டாய் பங்கினால் கட்டப்பட்டது, பண்ணை வீடு சந்தாவினால்.

சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டதும், 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்ததும் நினைவிருக்கும். முறைப்படி நகர ஊரமைப்பு அங்கீகாரம் பெறும் மனைப்பிரிவில் சாலைகளையும், பெரிய மனைப்பிரிவானால் பொது ஒதுக்கீட்டுத் திறந்தவெளியையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுத்த சாலை ஊராட்சியின் சாலை. அதன் வாயில் கேட் போட்டு வாட்ச்மேனை நிறுத்துவது எந்தக் கணக்கு என்று யாரும் கேட்பதில்லை. அங்கீகாரம் கேட்காமல் விளைநிலமாகவே உட்பிரிவு செய்து விற்கிறவர்களும் உண்டு. அங்கே சாலை பல சமயம் விற்றவர் பெயரிலேயே நின்றுவிடும். வாங்குகிறவர் வீட்டின் வரைபடத்தை நாலுமுறை பார்ப்பார், வழியின் பத்திரத்தை ஒருமுறைகூடக் கேட்க மாட்டார்.

கொட்டாயில் வழிச்சண்டை இல்லையா என்றால், அதுதான் அங்கே முதல் சண்டை. அண்ணன் தம்பி பேச்சு நின்றால் அடுத்த நாள் வண்டித்தடத்தில் முள் விழும். பிணம் போகும் வழியை மறித்து, தாசில்தார் வந்து தீர்த்துவைத்த கதைகளைத் தர்மபுரிப் பக்கத்தில் கேட்காத காது இருக்காது. பங்கு என்பது பாசத்தின் மறுபெயர் அல்ல. சண்டை போட்டாலும் விலகிப் போய்விட முடியாத ஏற்பாடு, அவ்வளவுதான். பண்ணை வீட்டுக்காரர்கள் சண்டை போட்டால் வாட்ஸாப் குழுவிலிருந்து வெளியேறிவிடலாம்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இரண்டு வாழ்க்கையும் அங்கேதான் சோதனைக்கு வருகின்றன.

பெரிய வட்டக் கிணறு. எட்டுப் பங்கு என்றால் எட்டு நாளுக்கு ஒருமுறை ஒருவர் முறை. கவலை இறைத்த காலத்தில் கிணற்றுக்கே ஒரு வேகம் இருந்தது. மாடு களைத்தால் நீர் ஊறும். மோட்டார் வந்ததும், பிறகு விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானதும், களைப்பு என்ற ஒன்று இல்லாமல் போனது. மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு நடுராத்திரி எழுந்து மோட்டாரைப் போட்டார்கள். கிணறு வற்றியதும் கிணற்றுக்குள்ளேயே பக்கவாட்டிலும் அடியிலும் துளை போட்டார்கள். அதுவும் போதாமல் ஆளுக்கொரு போர்வெல். போர் போட்ட அன்றைக்கே கிணற்றுப் பங்கு செத்துவிட்டது. பத்திரத்தில் எட்டில் ஒன்று இன்னமும் இருக்கிறது; கிணற்றில் பழைய டயரும் வேப்பஞ்செடியும் கிடக்கின்றன. கொட்டாய் வாழ்க்கையின் முதுகெலும்பை முறித்தது பெங்களூர்க்காரர் அல்ல, கொட்டாய்க்காரரின் ரிக் வண்டிதான். இதைச் சொல்லாமல் பண்ணை வீட்டை மட்டும் திட்டுவது யோக்கியமாகாது.

சட்டமும் துணைக்கு வரவில்லை. தன் நிலத்துக்கு அடியில் கிடைக்கும் நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை 1882-ஆம் ஆண்டின் உரிமைப்பாட்டுச் சட்டமே நில உரிமையாளருக்குக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாடு 2003-இல் நிலத்தடி நீருக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. அது முழுதாக நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. தர்மபுரி மாவட்டத்தின் பல வட்டாரங்கள் இன்று அரசுக் கணக்கிலேயே அதிநுகர்வுப் பகுதிகள். ஊறுவதைவிட உறிஞ்சுவது அதிகம் என்று பொருள். அந்த இடத்தில் புல்தரை விரித்து நீச்சல் குளம் வெட்டும் குடியிருப்பு வந்தால், அதன் ஆழ்துளைக்கும் பக்கத்துக் கொடிக்காலின் ஆழ்துளைக்கும் நடுவே எந்த முறையும் கிடையாது. ஆழம்தான் முறை. ஆயிரம் அடி போக வசதி உள்ளவருக்கு அறுநூறு அடிக்காரரின் தண்ணீரும் சேர்த்துக் கிடைக்கும்.

ஆழம் போகப் போக இன்னொன்றும் மேலே வரும். தர்மபுரிப் பாறை நீரில் ஃபுளோரைடு உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இங்கே பல இடங்களில் அதைத் தாண்டும். சிறு வயதில் குடித்தவர்களுக்குப் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறும், முற்றினால் எலும்பு இறுகும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் வந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு ரூ. 1,928.80 கோடி மதிப்பில், 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் இரண்டு மாவட்டத்துக்கும் குழாயில் வருகிறது. ஆனால் கொட்டாயின் குணமே சிதறிக் கிடப்பது. நெருக்கமான ஊருக்கு ஒரு தொட்டியும் நாலு தெருக்குழாயும் போதும். காட்டுக்கு ஒரு வீடாக இருக்கும் இடத்தில் குழாய் கடைசி வீட்டைத் தொடும்போது நீர் நூலாகிவிடும். காட்டில் வாழும் சுதந்திரத்துக்குக் கொட்டாய்க்காரர் கொடுத்த விலைகளில் இது ஒன்று. பண்ணை வீட்டுக்காரர் ஆர்.ஓ. எந்திரம் வைத்து அந்த விலையைப் பணமாகக் கட்டிவிடுகிறார். எந்திரம் கழித்து வெளியேற்றும் நீர் எங்கே போகிறது என்பது அவருடைய சந்தாவில் வராத கேள்வி.

வேலிக்கு வருவோம். தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்குப் பன்னார்கட்டாவிலிருந்து ஆண்டுதோறும் யானைக் கூட்டம் வரும். ராகி முற்றும் பருவம் அவற்றுக்கு நன்றாகத் தெரியும். 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தை அறிவித்தது இந்தக் காடுகளைச் சேர்த்துத்தான். யானைக்குத் தெரிந்த வழியின் குறுக்கே இன்று சூரிய மின்வேலி, சுற்றுச்சுவர், இரும்புக் கேட். ராகிக் கொல்லையில் இறங்கினால் விவசாயி தகரத்தைத் தட்டி விரட்டுவார், இழப்பீட்டுக்கு மனுப் போடுவார்; யானை அந்தப் பக்கம் போய்விடும். சுவர் வந்துவிட்டால் யானைக்குப் போக அந்தப் பக்கமே இல்லை. அது சுற்றிப் போய் இன்னொரு விவசாயியின் கொல்லையில்தான் இறங்கும்.

இங்கேயும் கொட்டாயைத் தூக்கிப் பிடிக்க முடியாது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு கொட்டாயில் விளைநிலத்தைச் சுற்றிக் கள்ளத்தனமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி ஒரே இரவில் மூன்று யானைகள் செத்தன. தாயை இழந்த குட்டிகள் அங்கேயே நின்ற காட்சி பத்திரிகைகளில் வந்தது.

கொட்டாய்க்கு இன்னொரு வேலியும் உண்டு, கண்ணுக்குத் தெரியாதது. பங்காளிகள் என்று எழுதினேனே, அதற்கு ஒரே சாதி என்றும் பொருள். கொட்டாயில் பங்கு பிறப்பால் வருவது. பிறக்காதவர்க்கு அங்கே கிணற்றடி கிடையாது. சேரி தனியாக, காலனி தனியாக, சுடுகாடு தனியாக. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாயை ஒட்டியுள்ள நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் நூற்றுக்கணக்கான வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணமாகச் சொன்னார்கள். மண்வாசனை, உறவு, பழைய கிராமம் என்று நெகிழ்ந்து எழுதும் எவரும் அந்தத் தேதியைத் தாண்டிக்கொண்டுதான் எழுத வேண்டும்; நானும் அப்படியே. பண்ணைக் குடியிருப்பின் கேட்டில் உங்கள் சாதியைக் கேட்க மாட்டார்கள். காரைப் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தலித் பொறியாளர் இந்த ஒரு காரணத்துக்காகவே சொந்த ஊரில் வீடு கட்டாமல் கேட்டுக்குள் மனை வாங்கினார். "இங்க யாரும் என் அப்பா பேர கேக்கறதில்ல" என்றார். அந்த வாக்கியத்துக்கு முன்னால் என் பங்கு, சந்தா தத்துவமெல்லாம் கொஞ்சம் கூச்சத்தோடுதான் நிற்கிறது. பணமில்லாதவருக்கு அதே கேட் என்ன செய்யும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பண்ணை வீடுகளில் உண்மையில் குடியிருப்பது யார்? சனிக்கிழமை மதியம் கார்கள் வரும், ஞாயிறு சாயங்காலம் போய்விடும். மீதி ஐந்து நாளும் அங்கே விளக்கேற்றுவது காவலுக்கும் தோட்ட வேலைக்கும் வைத்திருக்கும் கணவன் மனைவி. அவர்கள் பல இடங்களில் பக்கத்து ஊர்க்காரர்கள், சில இடங்களில் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். மாமரத்துக்கு எந்தப் பக்கம் வெயில், பாம்பு எந்தக் கல்லுக்கடியில் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அந்தக் கிராமத்தின் குடிமக்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவர்களைத்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அங்கே பங்கும் இல்லை, சந்தாவும் இல்லை. இதே நேரத்தில் கடத்தூர், பொம்மிடிப் பக்கத்துக் கொட்டாய் இளைஞர்கள் பெங்களூரில் சென்ட்ரிங் பலகை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். கொட்டாயில் மீந்திருப்பது இரண்டு கிழடும் ஒரு கறவை மாடும். நூறு நாள் வேலையும் முதியோர் உதவித்தொகையும் மகன் அனுப்பும் பணமும் சேர்த்து நடக்கும் வீடு அது. நெஞ்சுவலி வந்தால் 108 வண்டி, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆள் இல்லாத கொட்டாயும் ஆள் வராத பண்ணை வீடும் செவ்வாய்க்கிழமை மதியத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்: பூட்டிய கதவு, குரைக்கும் நாய்.

நகரத்துக்காரர்கள் கிராமத்தில் குடியேற ஆசைப்படுவது புதிதல்ல. நம் நாட்டில் தொடங்கியதும் அல்ல. இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்ட் 1898-இல் தோட்ட நகரம் என்ற யோசனையை எழுதினார். 1903-இல் லெட்ச்வொர்த்தில் அதைக் கட்டத் தொடங்கினார்கள். ஊரையும் வயலையும் ஒன்றாகச் சேர்ப்பது என்றுதான் எல்லாரும் அவரை நினைவு வைத்திருக்கிறார்கள். அவருடைய யோசனையின் உயிர் வேறு இடத்தில் இருந்தது. நிலம் மொத்தமும் பொதுவில் இருக்க வேண்டும், நிலத்தின் மதிப்பு ஏறினால் அந்த ஏற்றம் ஊருக்கே திரும்ப வேண்டும் என்றார். அதாவது பங்கு. அவரைப் பார்த்துக் கட்டியவர்கள் தோட்டத்தை எடுத்துக்கொண்டு பங்கை விட்டுவிட்டார்கள். இன்று அமெரிக்காவில் அக்ரிஹூட் என்கிறார்கள். அட்லாண்டா அருகே செரென்பி என்ற குடியிருப்பு 2004-இல் தொடங்கி, நடுவில் பண்ணையும் சுற்றிலும் விலையுயர்ந்த வீடுகளுமாக வளர்ந்திருக்கிறது. நம் பண்ணைக் குடியிருப்பின் விளம்பரத் தாளுக்கும் அதற்கும் மொழி மட்டும்தான் வேறு.

வெளியூர்க்காரருக்குப் பங்கு கிடைக்க வழியே இல்லையா? தர்மபுரி மாவட்டத்திலேயே, அரூருக்குத் தென்கிழக்கே கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவில் இருக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே போய் ஒரு கூரைக் குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். மலையாளிப் பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பழக்கினார்கள். பிறகு அங்குள்ள உழவர்களின் இயற்கை வேளாண்மைச் சங்கம், லம்பாடிப் பெண்களின் பூத்தையல் தொழில், பிள்ளைகளுக்கான துளிர் கற்றல் மையம் என்று பலதும் அந்தப் பள்ளத்தாக்கில் முளைத்தன. சிட்லிங்கிக்காரர்கள் அந்த மருத்துவர்களைச் சந்தா வாங்கிச் சேர்க்கவில்லை, பங்காளியாகப் பிறந்ததற்காகவும் சேர்க்கவில்லை. முப்பது வருடம் அங்கேயே இருந்ததற்காகச் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாராலும் ஆகிற காரியம் இல்லைதான். பண்ணை வீடு வாங்குகிறவரிடம் மருத்துவமனை கட்டச் சொல்வதும் நியாயமில்லை.

சிறிய அளவில் நடப்பதைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர், பெங்களூரில் பெரிய உத்தியோகம், கேட்டட் கம்யூனிட்டி வேண்டாம் என்று கடத்தூர்ப் பக்கம் ஒரு கொட்டாயில் இரண்டு ஏக்கர் வாங்கினார். கிணறு அவர் வாங்கிய நிலத்துக்குள் இருந்தது. அதிசயமாக அது வற்றாத கிணறு. பத்திரத்தில் நாலில் ஒரு பங்கு என்று எழுதியிருந்ததை அவர் சம்பிரதாய வாசகம் என்று நினைத்துவிட்டார். கம்பிவேலி போட்டார், கேட் வைத்தார், பூட்டினார். இரண்டாம் நாள் விடிகாலை நாலு மணிக்கு, மோட்டார் போட வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே டார்ச்சோடு நின்றார்கள். சத்தம் கேட்டு எழுந்து வந்தவரிடம் ஒரு பாட்டி கேட்டாராம்: "ஏன் சார், கெணத்தயுமா பூட்டி வெச்சிருக்கீங்க? இன்னிக்கி எங்க முற."

ஒரு மாதம் மனஸ்தாபம், வக்கீல் வரை பேச்சு. வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டு, பூட்டைக் கழற்றிவிடுங்கள் என்றார். இப்போது மோட்டார் கொட்டகைக் கதவில் சாக்பீஸால் முறை எழுதியிருக்கிறது: மூன்று பங்காளிகளின் பெயர், நாலாவதாக 'பெங்களூர் சார்'. அவர் முறையன்று அவர் வராவிட்டால் அந்த நாளை மற்ற மூவரும் பிரித்துக்கொள்வார்கள், தென்னங்கன்றுகள் காயும். நடவு நட்டதிலிருந்து மனிதர் நான்கு நாளுக்கு ஒருமுறை லீவு போடுகிறார், இல்லாவிட்டால் இரவோடு இரவாகக் காரோட்டி வருகிறார். அலுவலகத்தில் என்ன காரணம் சொல்கிறார் என்று தெரியவில்லை. போன புதன்கிழமை காலையில் மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. மத்தியானம் அவரே கூப்பிட்டார். மடை திருப்பிக்கொண்டிருந்தாராம், கையெல்லாம் சேறு.